வாளி நிறைய ஈரம்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது கீழேயிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், இழுத்து இழுத்து வந்தது. அடுப்பில் குக்கர் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சமையலறையில் எட்டிப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடந்தது. அப்புறம்தான் உறைத்தது. அது அக்காவின் மூச்சு.

கீழறைப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அக்கா பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றியிருந்தாள். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதட்டில் நிறமே இல்லை. இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். கண்ணால் மேலே காட்டினாள். ஓடிப் போய் எடுத்து வந்து வாயில் வைத்தபோது, அதை இழுக்கக்கூட அவளிடம் மூச்சு இல்லை.

ஐப்பசி மழை. கல்யாண ஜவுளி எடுக்க வந்த வண்டிகள் காந்தி ரோடு முழுக்க நின்றிருந்தன. ஆட்டோவில் அக்காவின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த விசில் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். சத்தம் இருக்கிறவரை அவள் இருக்கிறாள் என்றுதான் அப்போது எனக்கு அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு, ஒருவழியாக மூச்சு சீரானதும் அந்த டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல எங்கனா ஈரம் இருக்குதாமா? பூஞ்சை மாதிரி?"

முகத்தில் மாஸ்க்கோடு அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"இருக்குது டாக்டர். கீழ்ரூம்ல" என்றேன் நான்.

மாஸ்க்குக்கு மேலே அக்காவின் கண்கள் என்னை முறைத்தன.

"அது காயற வரைக்கும் அந்த ரூம் பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர். "இன்னொரு தடவ இப்படி வந்தா, இவ்ளோ சுலபமா திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா கணவரை இழந்தவள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் ஒரு புது மனைப்பிரிவில், யாரோ கட்டி விற்ற வீட்டை இருவரும் சேர்ந்து வாங்கினோம். மனை ரோட்டைவிடப் பள்ளமாக இருந்ததால், கட்டியவர் மண் கொட்டி நிரப்பாமல் அந்தப் பள்ளத்திலேயே ஒரு அறையைக் கட்டி, அதன் மேல் வீட்டை எழுப்பியிருந்தார். அக்கம்பக்கத்தில் அதை 'அண்டர்கிரவுண்டு' என்பார்கள். வீட்டைப் பார்க்க வந்த அன்றே அக்காவுக்கு அந்த அறைதான் பிடித்துப்போனது. அவள் பட்டுப் புடவை வியாபாரம் செய்கிறாள். தறிக்காரர்களிடம் வாங்கி, குஞ்சம் கட்டி, போனில் படம் அனுப்பி வெளியூருக்கு விற்பாள். வெயில் படாத, ஜில்லென்ற அறை பட்டுக்கு நல்லது என்று சொல்லி இரண்டு இரும்புப் பீரோக்களை அங்கே இறக்கினாள். பகலில் பாதி நேரம் அவள் அங்கேதான்.

எனக்கு அந்த அறையைக் கண்டாலே ஆகாது. ஊறிய சாக்கு வாசனை அடிக்கும். முதல் மழைக்கே அட்டைப் பெட்டிகளின் அடியில் சாம்பல் நிறத்தில் பூத்துப்போயிருந்தது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்பது எங்கள் குடும்பத்தில் பழைய கேலி. அதனால் நான் சொன்னதை அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கீழறைக் கதவைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒரு பார்சல் வந்தது. போனில் பார்த்து அவளே வரவழைத்த ஈரம் உறிஞ்சும் மெஷின். தண்ணீர் கூஜா அளவுதான் இருக்கும். நீல விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை.

"பார்த்தியா, இதுக்குப் போயி பூட்டு சாவின்னு ஆடறியே" என்றாள்.

கீழறையில் வைத்து, ஒரு வாரம் கழித்து மேலே எடுத்து வந்து திறந்து பார்த்தோம். அதன் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்திருந்தது. அக்காவுக்கு மகா சந்தோஷம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டினேன். எண்பத்தெட்டு சதவீதம் என்றது. அந்த மெஷினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் எண்பத்தெட்டுதான். அக்கா இத்தனை நாளும் இதைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறாள்.

ஊரில் பெரிய கடைகளில் ஏறி இறங்கினேன். ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வேண்டும் என்றால் ஒருவர் ஏர்கூலரைக் காட்டினார். அது ஈரத்தைக் கூட்டும் சாமான். இன்னொருவர் ஏசி போடச் சொன்னார். அதில் டிரை என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். ஜன்னலே இல்லாத அறையில் ஏசியின் வெளிப்பெட்டியை எங்கே வைப்பது? கடைசியில் சென்னையில் அந்த மெஷினையே விற்கிற ஒரு கடையின் நம்பர் கிடைத்தது. போனை எடுத்த பெண் விற்கிற அவசரமே இல்லாமல் பேசினாள்.

"நீங்க வாங்கினது பீரோவுக்குள்ள வைக்கிறது மேடம். ரூமுக்குப் பத்தாது. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற மாதிரி கம்ப்ரஸர் வெச்சது வேணும். ரூம் எவ்ளோ நீளம் அகலம்? தண்ணித் தொட்டிய தெனம் எடுத்து ஊத்த ஆள் இருக்கா? இல்ல டியூப் விட்டு வெளிய எடுக்க வழி இருக்கா?"

சொன்னேன். பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"ஈரம் காத்துல இருந்து வருதா, செவுத்துல இருந்து வருதா?"

"அது எப்படிங்க தெரியும்?"

"செவுத்துல ஒரு பாலிதீன் கவர நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் வேர்த்திருந்தா காத்து. உள்பக்கம் வேர்த்திருந்தா செவுரு. செவுருன்னா மெஷின் மட்டும் போதாது மேடம்."

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கீழே போய், படிக்கு எதிரேயிருந்த சுவரில் கவரை ஒட்டினேன். இரண்டு நாளில் அதன் வெளிப்பக்கம்தான் வேர்த்திருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பீரோக்கள் சாத்தியிருந்த இன்னொரு சுவரில் ஒட்ட இடமும் இல்லை, அங்கேயும் ஒட்ட வேண்டும் என்ற எண்ணமும் வரவில்லை.

மெஷின் சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கியது. அக்காவின் இடுப்பு உயரம். அடியில் சக்கரம். ஆன் செய்ததும் பழைய ஃப்ரிட்ஜ் போல உறுமியது. எதிர்வீட்டுத் தறிக்காரர் பார்க்க வந்தார். அக்கா பாதிப் புடவைகளை அவரிடம்தான் எடுக்கிறாள்.

"ரொம்பவும் காய விட்டுடாதீங்கமா" என்றார். "பட்டு மொறமொறன்னு ஆயிடும். ஜரிகை ஒடியும்."

அதனால் ஈரம் ஐம்பத்தைந்தில் நிற்கும்படி மெஷினில் எண்ணை வைத்தேன்.

மறுநாள் காலையில் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றிருந்தது. தொட்டி நிரம்பிவிட்டதாம். நான் அதைப் படியேற்றிக் கொண்டுவர, இருவருமாகக் குளியலறை வாளியில் ஊற்றினோம். வாளி நிரம்பி, அதற்கு மேலும் தொட்டியில் மிச்சம் இருந்தது.

"இம்மாம் தண்ணியா!" என்று அக்கா வாயில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெளிந்த, வாசனையில்லாத தண்ணீர். கண்ணுக்குத் தெரியாமல் இத்தனை தண்ணீர் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது, அதற்குள் அவள் உட்கார்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மெஷினும் எனக்குப் புதுப் பயங்களைக் கொண்டுவந்தது. யாருமில்லாதபோது சூடேறிப் பற்றிக்கொண்டால்? தொட்டி வழிந்து தண்ணீர் பிளக்கில் ஏறினால்? பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, வயர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஆனாலும் மீட்டர் மெதுவாக இறங்கியது. எழுபது, அறுபது, ஐம்பத்தைந்து. சாக்கு வாசனை போயிற்று. அக்காவைக் கிட்டே விடாமல் பூஞ்சையைத் துடைத்து, பெட்டிகளை எரித்து, அறையைச் சுத்தம் செய்தேன். டாக்டர் தலையசைத்த பிறகு சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் மூச்சு நன்றாகவே இருந்தது. அந்தத் தை மாதம் நான் கொஞ்சம் தூங்கினேன்.

மாசி, பங்குனி. மழை எப்போதோ நின்றுவிட்டது. தொட்டி மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. காலையில் தொட்டியை எடுத்து ஊற்றுவது வாசல் தெளிப்பதுபோல ஒரு வேலையாகிவிட்டது. சித்திரையில் ஒருநாள், வெயிலில் தார் இளகிக் கிடந்த ரோட்டில் நடந்து வந்து, தாகத்தில் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே போனேன். சிவப்பு விளக்கு. காலையில்தானே ஊற்றினேன்?

தொட்டியை இழுத்தேன். விளிம்பு வரை இருந்தது. வெளியே காற்றில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிறகு இது எங்கேயிருந்து வருகிறது?

அக்காவிடம் சொன்னேன்.

"மெஷினு நல்லா வேல செய்யுது. அதுக்கும் பயமாடி உனக்கு?"

"வெளிய இப்படிக் காயுதே க்கா. இவ்ளோ தண்ணி எங்கிருந்து வரும்?"

"எங்கிருந்தோ வருது. வந்தத அது குடிச்சிக்கினு இருக்குது. உட்டுடு."

விட முடியவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் பாடம் நடத்தும்போதும் தொட்டிதான் கண்ணில் நின்றது. கார்ப்பரேஷன் தண்ணீர் வந்து, போர்ட்டிகோவுக்கு அடியில் தண்ணீர் சேமிக்கும் சம்ப் நிரம்புகிற நாட்களில் மெஷின் தொட்டி சீக்கிரம் நிரம்பியது. சம்ப் அடிமட்டத்துக்குப் போன நாட்களில் நேரமாயிற்று. இன்னொன்றும் இருந்தது. சம்ப்பில் தண்ணீர் முன்போல நிற்பதில்லை. செடிகளுக்கு நான் அள்ளி ஊற்றுவதுதான் காரணம் என்று அக்கா கொஞ்ச நாளாகவே திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை போர்ட்டிகோவில் நின்று, சம்ப் மூடியையும் கீழறைக்கு இறங்கும் படியையும் மாறி மாறிப் பார்த்தேன். கீழே பீரோக்கள் சாத்தியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சம்ப்.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே பீரோவை நகர்த்திப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அக்கா முணுமுணுத்தபடி ஒரு பீரோவிலிருந்த புடவைகளை எடுத்து அடுத்த பீரோவின் மேல் அடுக்கினாள். வெளியே தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் பாவு விரித்திருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அவர்கள் பேசுவது கீழே வரைக்கும் கேட்டது.

காலியான பீரோவை இருவரும் தள்ளினோம். பின்னால் சுவர் உப்பியிருந்தது. எண்ணெயில் போட்ட பூரி மாதிரி, என் கை விரிப்பைவிட அகலமாகப் பெயிண்ட் புடைத்து, அதன் கீழே பச்சையாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"தொடாதடி" என்றாள் அக்கா.

அதற்குள் என் விரல் பட்டுவிட்டது. பூச்சு பொத்தென்று ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. உள்ளே செங்கல் ஊறிக் கருத்திருந்தது. இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து பென்சில் கோடு போலத் தண்ணீர் இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே அந்தக் கோடு விரல் தடிமன் ஆனது.

"மேல வா க்கா! வந்துடு!"

"புடவைங்க இருக்குதுடி! கல்யாணப் பொடவைங்க!"

அவள் இரண்டு கையாலும் புடவைகளை வாரத் தொடங்கினாள். தண்ணீர் தரையில் பரவி, மெஷின் பிளக் செருகியிருந்த பலகையைப் பார்த்து ஓடியது. அந்தப் பலகை தரையிலிருந்து முழ உயரம்கூட இல்லை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மேலே ஓடினேன். சுவிட்ச் பெட்டியில் எது எந்த அறைக்கு என்று நான் ஒருநாளும் கற்றுக்கொண்டதில்லை. மெயினையே கீழே இழுத்துவிட்டேன்.

மெஷினின் உறுமல் நின்றது. கீழே கும்மிருட்டு. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா!"

பதில் இல்லை.

"அக்கா, குரல் குடு க்கா!"

இல்லை. செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். கரண்ட் அடித்துவிட்டது, நான் தாமதமாக இழுத்துவிட்டேன் என்று. போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் கால் தண்ணீரில் பட்டது. சில்லிட்டது.

அக்கா இரண்டாவது பீரோவில் சாய்ந்து, தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புடவைகளை அடுக்கி, நனையாமல் மார்போடு தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு கையில் இன்ஹேலர். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் புடவைகளை நீட்டினாள். முதலில் இதை வாங்கு என்றாள் கண்ணாலேயே.

வாங்கிப் படியில் எறிந்தேன். அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். என்னைவிடக் கனமானவள். எப்படித் தூக்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. பாதிப் படியில் இருக்கும்போது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். செங்கல் ஒன்று பிடுங்கிக்கொண்டு விழுந்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் குழாயிலிருந்து வருவதுபோலப் பாய்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவை வாசற்படியில் உட்காரவைத்து, இன்ஹேலரை அழுத்தி அழுத்திக் கொடுத்தேன். மூச்சு கொஞ்சம் உள்ளே போனது. அடுத்து சம்ப்பைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முழுச் சுவரும் வந்துவிடும் என்று பட்டது. கீழறைக்குக் கரண்ட் போகாதபடி சின்ன சுவிட்சுகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, மெயினை மட்டும் மேலே போட்டு, தனியாக இருக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சம்ப் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி, அது நிரம்பி, மாடியிலிருந்து வழிந்து, தெருவில் ஓடியது.

எதிர்வீட்டுத் தறிக்காரர் ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னாமா நீங்க? பாவு விட்டுக்கினு இருக்கோம், தெரியலையா? தண்ணி அடியில வந்துக்கினு இருக்குது. மோட்டார நிறுத்துங்க!"

"நிறுத்தக் கூடாதுங்க" என்றேன். "செவுரு... கீழ... அக்கா..."

எனக்குக் கோவையாக எதுவும் வரவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார். அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். விறுவிறுவென்று கீழறைப் படிவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பி, பாவைச் சுருட்டச் சொல்லித் தன் வீட்டாருக்குக் குரல் கொடுத்தார். பாதி காய்ந்த பாவைச் சுருட்டுவது அவர்களுக்கு எத்தனை பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். மளமளவென்று சுருட்டினார்கள். அவர் மனைவி அக்காவோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன். தறிக்காரர் மட்டும் கீழறைக்குள் இறங்கி, கைக்கு எட்டிய புடவைகளை எடுத்து வந்தாராம். அப்புறம் உதவிக்கு வந்தவர்களைப் படியிலேயே தடுத்து நிறுத்திவிட்டாராம்.

"போதும், யாரும் எறங்காதீங்க. அந்தச் செவுரு எனக்குப் புடிக்கல" என்றாராம்.

சம்ப் காலியாகும்வரை மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

அக்கா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அந்த இருட்டும் தண்ணீர்ச் சத்தமும் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் தட்டிப் பார்த்தார். சம்ப்புக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர்தான், உள்ளே கசிவு தடுக்கும் பூச்சே இல்லை என்றார்.

"நாங்க பாக்காம உட்டிருந்தா உழுந்திருக்குமாங்க?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த சிமென்ட்டைத் தட்டிக்கொண்டார். "தாங்கியிருக்கும்னும் சொல்ல முடியாது. உழுந்திருக்கும்னும் சொல்ல முடியாது. இதையெல்லாம் யாரும்மா சொல்ல முடியும்?"

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம் அவர்.

சம்ப்பை மணல் கொட்டி மூடினோம். தண்ணீருக்கு வாசலிலேயே தரைமேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தோம். சுவரைக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டினார்கள். சில புடவைகள் கறைபட்டு வீணாயின. அதில் ஒன்று முகூர்த்தப் புடவை. அந்தப் பெண் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரர் அதே நிறத்தில் வேறொன்று தறியில் ஏற்றித் தருவதாகச் சொல்லி, கல்யாணத்துக்கு முன்பே நெய்து கொடுத்தார்.

மெஷினைக் காயவைத்து, ஆள் வைத்துப் பார்த்ததில் பிழைத்துவிட்டது. இப்போது அதைத் தரையில் வைப்பதில்லை. இடுப்பு உயர மேடை கட்டி வைத்திருக்கிறோம். பிளக்கும் தலைக்கு மேலே போய்விட்டது. எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று பெட்டிக்குள் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் தொட்டி இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் நிரம்பியது. கோடையில் பாதிகூட வரவில்லை. மீட்டர் ஐம்பத்தைந்தில் நிற்கிறது.

இருந்தும், காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் கீழே இறங்கி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை. காய்ந்துதான் இருக்கிறது. கையை எடுத்தபிறகு மறுபடியும் வைத்துப் பார்க்கிறேன். அக்கா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

சென்ற வாரம் பஸ் வராததால் பாதி வழியில் திரும்பி வந்தேன். கீழறைக் கதவு திறந்திருந்தது. அக்கா பீரோவைக் காலி செய்து விலக்கிவிட்டு, சுவரில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, காதையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இருப்பது தெரிந்ததும் சட்டென்று நகர்ந்தாள்.

"பல்லி சத்தம் கேட்டுது" என்றாள். "அதான்."

இறங்கிப் போய் அவளோடு சேர்ந்து பீரோவைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளினேன். சுவரை ஒட்டாமல், நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டு.